பழைய சாகச நாவல்களில் வரும் அறிவியல் பிழைகளில் சுவையானது எது?

என்னைக் கேட்டால், ஆங்கில எழுத்தாளர் ரைடர் ஹாக்கர்டின் 1885-ஆம் ஆண்டு நாவல் 'சாலமன் மன்னரின் சுரங்கங்கள்'தான். ஆப்பிரிக்காவில் மாட்டிக்கொண்ட வெள்ளைக்காரர்கள் பஞ்சாங்கத்தில் சூரிய கிரகணம் வருவதைப் பார்த்து, சூரியனை மறைத்துக் காட்டுவதாக மிரட்டித் தப்பிப்பார்கள். சரி, நல்ல யோசனைதான். ஆனால் கிரகணத்துக்கு முதல் நாள் இரவு வானில் முழுநிலா!

மதுரைக்காரர்களுக்கு இது உடனே உறுத்தும். சித்ரா பௌர்ணமியை ஒட்டி அழகர் ஆற்றில் இறங்கினால், அமாவாசைக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. சூரிய கிரகணம் அமாவாசையில் மட்டுமே வரும்; நிலா நமக்கும் சூரியனுக்கும் நடுவே வரவேண்டுமே. பௌர்ணமியில் அது நேர் எதிர்ப்பக்கம் நிற்கும்.

அப்புறம், கதையில் இருட்டு நெடுநேரம் நீடிக்கும். நிஜத்தில் எவ்வளவு நீண்ட முழு கிரகணமும் 8 நிமிடத்தைத் தொடாது. 2019 டிசம்பர் 26 காலை திண்டுக்கல்லில் தெரிந்த நெருப்பு வளையமே சுமார் 3 நிமிடம்தான். அது சூரியனின் விளிம்பு மறையாமல் தெரியும் கங்கண கிரகணம் என்பதால் முழு இருட்டும் இல்லை. ஹாக்கர்ட் பிந்தைய பதிப்புகளில் கதையின் சூரிய கிரகணத்தைச் சந்திர கிரகணமாக மாற்றினார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது அதனால்தான்.

ஆளையே விழுங்கும் புதைமணலும் இதே ரகம். அந்தச் சேறு மனித உடலைப்போல ஏறக்குறைய இரு மடங்கு அடர்த்தி. இடுப்பளவுக்கு மேல் இழுக்காது. ஆனால் சிக்கிய காலை வெடுக்கென்று பிடுங்க முடியாது. பின்னால் சாய்ந்து, மெதுவாக அசைத்து எடுக்கவேண்டும்.