பாட வேண்டாம், கேட்டால் போதும்: எந்தப் புத்தகம் வாங்கலாம்?

கேள்வி: சொந்த ஊர் திருநெல்வேலி. வேலைக்காக பெங்களூரு வந்து அல்சூரில் குடியிருக்கிறேன். இந்த வருடம் மாமனாருடன் சாமராஜபேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் ராமநவமிக் கச்சேரிக்குப் போனேன். பிடித்திருந்தது, ஆனால் என்ன நடக்கிறது என்று பிடிபடவில்லை. மறுநாளே ‘கானாம்ருத போதினி’ வாங்கினேன். 72 மேளகர்த்தா, அதாவது தாய் ராகங்களின் விவரம் வந்ததும் மூடி வைத்துவிட்டேன். பாடக் கற்கும் எண்ணம் இல்லை. கர்நாடக சங்கீதம் கேட்டு ரசிக்க, தமிழிலோ ஆங்கிலத்திலோ எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?

பதில்: நீங்கள் வாங்கியது நல்ல புத்தகம். ஆனால் ஏ.எஸ். பஞ்சாபகேச ஐயர் அதைப் பாட்டு கற்கும் பிள்ளைகளுக்காகத் தொகுத்தார். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்று பாடிப் பழகும் பாடங்களாகவே போகும். பக்கத்தில் ஆசிரியர் இருந்தால்தான் அது பேசும். சங்கீதப் புத்தகம் என்று கடையில் கேட்டால் பத்துக்கு எட்டு தடவை இந்த வகையைத்தான் எடுத்து நீட்டுவார்கள். உங்கள் மேல் தவறு இல்லை.

சங்கீதப் புத்தகங்கள் பல வகை. கற்பவருக்கான பாடப் புத்தகம் ஒன்று. இலக்கணமும் ஆராய்ச்சியும் இன்னொன்று. வித்வான்களின் வாழ்க்கைக் கதைகள் மற்றொன்று. படிக்கச் சுவையானவை, ஆனால் மேடையில் நடப்பதைப் புரிய வைக்காது. ரசிகருக்கான கையேடு நான்காவது வகை, அதுதான் எண்ணிக்கையில் குறைவு. உங்களுக்கு வேண்டியது இதில் ஒன்றும், சாகித்யப் புத்தகம், அதாவது பாட்டு வரிகளை அர்த்தத்தோடு தரும் புத்தகம் ஒன்றும்.

ரசிகர் கையேட்டைக் கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். சாமவேதத்தில் தொடங்கி முதல் முப்பது பக்கமும் வரலாறாகவே ஓடினால் அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். நிரவல் என்ற தலைப்பைத் தேடுங்கள். ஒரு பாட்டின் ஒரு வரியை எடுத்துக்காட்டி, சொற்கள் தாளத்தில் அதே இடங்களில் விழ, மெட்டு மட்டும் எப்படி மாறி மாறி வருகிறது என்று விளக்கியிருந்தால் எழுதியவருக்குக் கேட்பவரின் கஷ்டம் தெரியும். அடுத்து, எந்தப் பதிவைக் கேட்கலாம் என்று பாடகர் பெயரோடு சொல்கிறாரா பாருங்கள். அது இல்லாத கையேடு பாதிதான் உதவும். தமிழில் சிறு அறிமுக நூல்கள் அவ்வப்போது வருகின்றன. இந்த இரண்டு சோதனையில் தேறும் எதையும் வாங்கலாம். வாங்குவதற்கு முன்னால் உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கும் பெங்களூருத் தமிழ்ச் சங்க நூலகத்தில் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து பாருங்கள்.

ஆங்கிலத்தில் என்றால் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தியின் ‘சவுத் இந்தியன் மியூசிக்’ ஆறு பாகங்கள் உண்டு. பரீட்சைக்குப் படிப்பவர்களை மனதில் வைத்து எழுதியவை, நடையும் அப்படித்தான் இருக்கும். முதல் பாகத்தை மட்டும், சந்தேகம் வரும்போது புரட்ட வைத்துக்கொள்ளலாம். லுட்விக் பெஷ் எழுதி ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட படத்துடன் கூடிய வழிகாட்டி, வெளியிலிருந்து வருபவருக்கு ஏற்றது. வாத்தியங்கள், கலைச்சொற்கள், இசைவாணர் குறிப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். டி.எம். கிருஷ்ணாவின் ‘எ சதர்ன் மியூசிக்’ (2013) பெரிய புத்தகம், விவாதம் நிறைந்தது. அவர் எதோடு மல்லுக்கு நிற்கிறார் என்று புரியவே கொஞ்சம் கச்சேரி கேட்டிருக்க வேண்டும், அதனால் அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை யாராவது சொன்னால் வணக்கம் சொல்லி நகர்ந்துவிடுங்கள். 1904-இல் உங்கள் ஊர்ப் பக்கத்து எட்டயபுரத்தில் அச்சான பொக்கிஷம் அது. ஆனால் வித்வான்கள் பாடாந்தரம், அதாவது தாங்கள் கற்ற பாட்டு வடிவம், சரிபார்க்கத் திறக்கும் நூல்.

எந்தப் புத்தகமானாலும் கச்சேரிக்கு முன்னால் படித்துவிட்டுப் போக வேண்டும் என்ற எண்ணத்தை விடுங்கள். கேட்டுவிட்டு வந்து, அன்று கேட்டதற்கு உரிய பக்கத்தை மட்டும் திறங்கள். மேளகர்த்தாவில் நீங்கள் மாட்டியதற்குக் காரணம் இதுதான். 17-ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி வகுத்துக் கொடுத்த கணக்கு அது: ‘ம’ ஸ்வரத்தின் இரண்டு வகையில், சுத்த மத்யமத்தில் 36, பிரதி மத்யமத்தில் 36. எழுபத்திரண்டும் கச்சேரியில் வராது. தோடி, மாயாமாளவகௌளை, கரகரப்பிரியா, சங்கராபரணம், பந்துவராளி, சண்முகப்பிரியா, கல்யாணி என்று சுமார் பத்துப் பதினைந்துதான் திரும்பத் திரும்ப வரும். இதில் சங்கராபரணம் 29-ஆவது, கல்யாணி 65-ஆவது. இரண்டுக்கும் மத்யமம் ஒன்றுதான் வித்தியாசம். அட்டவணையில் அது ஓர் எண்ணாக மட்டும் தெரியும். இரண்டையும் அடுத்தடுத்து ஒரு வாரம் கேட்டால் காதே பிரித்துச் சொல்லிவிடும். தோடியின் காந்தாரத்தைப் புத்தகம் ‘க’ என்று ஒற்றை எழுத்தில் போட்டுவிடும். மேடையில் அந்த ஸ்வரம் ஓரிடத்தில் நிற்காமல் அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவுதான் கமகம், தோடிக்கு உயிரே அதில்தான். அச்சில் அது வராது.

உங்களிடம் ஏற்கனவே இருக்கும் மூலதனம் சினிமாப் பாட்டு. ‘அக்னி நட்சத்திரம்’ படத்தின் ‘நின்னுக்கோரி வர்ணம்’ தெரியும்தானே? ‘நின்னுக்கோரி’ என்றே தொடங்கும் மோகன ராக வர்ணம் ஒன்று உண்டு, பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்கார் இயற்றியது. படப் பாட்டும் மோகனம்தான். அவருடைய சீடர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார்தான் இன்றைய கச்சேரி வரிசைக்கு வடிவம் தந்தவர் என்று சொல்லப்படுபவர். அந்த வரிசையில் முதலில் வருவதும் வர்ணம். ஆக, கச்சேரியின் வாசல் உங்களுக்குப் பழகியதுதான். அதேபோல ‘சின்னக் கண்ணன் அழைக்கிறான்’ ரீதிகௌளை, ‘சுந்தரி கண்ணால் ஒரு சேதி’ கல்யாணி. மாமனார் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, இந்த வழியாகவே உள்ளே போங்கள்.

வர்ணத்துக்குப் பிறகு சில கீர்த்தனைகள் வரும், பெரும்பாலும் பிள்ளையார் பாட்டு ஒன்று இருக்கும். பிறகு ஒரு இடத்தில் மிருதங்கம் ஓய்ந்து, பாடகர் சொற்கள் இல்லாமல், தாளம் இல்லாமல் இழுத்துக்கொண்டே போவார். ஆலாபனை அது. அவர் முடித்ததும் வயலின் அதே ராகத்தைத் தன் பங்குக்கு வாசிக்கும். ஆலாபனை நீண்டால் வரப்போவது முக்கிய உருப்படி என்று ஊகிக்கலாம். பாட்டு, நிரவல், பிறகு ஸரிகமவாகவே பாடும் கல்பனாஸ்வரம். ஒவ்வொரு சுற்றும் பாட்டின் அதே வரிக்கு, அது தாளத்தில் தொடங்கும் அதே இடத்துக்கு (எடுப்பு) வந்து சேருவதைக் கவனியுங்கள். முன்வரிசைக்காரர்கள் தலையாட்டுவது அங்கேதான்.

அடுத்து தனி ஆவர்த்தனம். பாதி மண்டபம் கேன்டீனுக்கு எழுந்து போகும், நீங்கள் போக வேண்டாம். மிருதங்கமும் கடமோ கஞ்சிராவோ மாறி மாறி வாசித்து, போகப் போக ஒவ்வொருவர் முறையின் நீளத்தைக் குறைத்து, கடைசியில் சேர்ந்து வாசிக்கும். முடிவில் வரும் கோர்வை, அதாவது கணக்காகக் கோத்த தாளச் சொற்கட்டு, மூன்று முறை வரும். முதல் முறை வடிவத்தைப் பிடியுங்கள், மூன்றாவது முறை எங்கே போய் இறங்கும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

அதற்குத் தாளம் போடத் தெரிய வேண்டும். ஆதி தாளம் மட்டும் போதும்: ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு; மொத்தம் எட்டு. வீட்டில் எளிய பாட்டுகளுக்குப் போட்டுப் பழகுங்கள். தியாகராஜர் பாடல்கள் பல முதல் தட்டிலேயே தொடங்காமல் சற்றுத் தள்ளி எடுக்கும். கை தவறிவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

சாகித்யப் புத்தகத்துக்கு வருவோம். தியாகராஜர் பாட்டு பெரும்பாலும் தெலுங்கு, முத்துசுவாமி தீட்சிதர் பாட்டு சமஸ்கிருதம். சபையில் ஒரு வார்த்தை புரியாமல் மூன்று மணி நேரம் உட்காருவதால்தான் பலர் திரும்பி வருவதில்லை என்பது என் எண்ணம். தமிழ் எழுத்தில் பாட்டும் எதிரே பொருளும் உள்ள தியாகராஜர் கீர்த்தனைப் புத்தகம் ஒன்று வாங்குங்கள், அவர் ராமனோடு சண்டை போடுவதும் கெஞ்சுவதும் அப்போதுதான் தெரியும். அதுவரை தமிழிலேயே எழுதிய கோபாலகிருஷ்ண பாரதி, அருணாசலக் கவிராயர், பாபநாசம் சிவன் பாடல்களைத் தேடிக் கேளுங்கள். பெங்களூரில் இன்னொரு வசதி உண்டு. கச்சேரியின் பிற்பகுதியில் புரந்தரதாசர் பாடல்கள் தாராளமாக வரும். ஆட்டோக்காரரிடமும் காய்கறிக் கடையிலும் பேசிப் பழகிய கன்னடமே அவற்றில் பாதியைப் புரிய வைக்கும்.

அடுத்த ராமநவமி வரை காத்திருக்க வேண்டியதில்லை. கே.ஆர். ரோட்டில் பெங்களூரு காயன சமாஜம் என்ற சங்கீத சபை இருக்கிறது. மல்லேஸ்வரத்தில் சௌடையா மண்டபம், ஏழு தந்தி வயலின் வாசித்த சௌடையாவின் நினைவாக வயலின் வடிவிலேயே கட்டியது. இரண்டிலும் நிகழ்ச்சி அறிவிப்பைப் பார்த்து வையுங்கள். வாத்தியங்களைப் பக்கத்தில் பார்க்க ஜே.பி. நகரில் இந்தியன் மியூசிக் எக்ஸ்பீரியன்ஸ் அருங்காட்சியகம் உண்டு. கச்சேரிக்குப் போகும்போது ஒரு சின்ன நோட்டு மட்டும் எடுத்துப் போங்கள். ராகம் அறிவித்தால் குறியுங்கள், இல்லாவிட்டால் பாட்டின் முதல் இரண்டு சொல்லை எழுதுங்கள். இணையத்தில் தேட அதுவே போதும். மறுநாள் அதே பாட்டை வேறு இரண்டு பாடகர்கள் குரலில் கேட்டுவிட்டு, அப்புறம் புத்தகத்தில் அந்த ராகத்தின் பக்கத்தைத் திறங்கள்.