நேர்முகத் தேர்வில் "கல்யாணம் எப்போது?" என்று கேட்கலாமா?

கேள்வி: திருப்பூரில் 60 பேர் வேலை செய்யும் பின்னலாடை நிறுவனம் எங்கள் குடும்பத்துடையது. ஆள் எடுக்கும் பொறுப்பு எனக்கும் என் மாமனாருக்கும். சென்ற மாதம் கணக்குப் பிரிவுக்கு 19,000 ரூபாய் சம்பளத்தில் ஆள் தேடினோம். வந்தவர்களில் நன்றாகப் பதில் சொன்ன பெண்ணிடம் மாமா, "கல்யாணம் எப்போது? ஆன பிறகும் வேலைக்கு வருவாயா? எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு?" என்று கேட்டார். "இதற்கும் கணக்கு எழுதுவதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டுவிட்டு அவர் எழுந்து போய்விட்டார். வேலையை ஓர் இளைஞருக்குக் கொடுத்தோம். எங்கள் விண்ணப்பப் படிவத்திலும் சாதி, மதம், திருமண விவரத்துக்குக் கட்டங்கள் இருக்கின்றன. இதெல்லாம் குற்றமா? அந்தப் பெண் புகார் கொடுக்க முடியுமா?

பதில்: அந்தப் பெண் கேட்டது நியாயமான கேள்வி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

தனியார் நிறுவனம் நேர்முகத் தேர்வில் இன்னின்ன கேள்வி கேட்கக் கூடாது என்று பட்டியல் போட்ட பொதுவான சட்டம் நம் நாட்டில் இல்லை. அரசியலமைப்பின் 16ஆவது பிரிவு சாதி, மதம், பால், பிறந்த இடம் பார்த்து வேலை மறுப்பதைத் தடுக்கிறது என்றாலும், அது அரசு வேலைக்குத்தான். இதை வைத்து "நாம் எதையும் கேட்கலாம்" என்று நினைக்கும் முதலாளிகள் பலர். ஆனால் கேட்ட பதிலை வைத்து வேலை மறுத்தால் அங்கே சட்டம் நுழைகிறது. கேட்டது நீங்கள், மறுத்ததும் நீங்கள் என்றால், மறுப்புக்கு வேறு காரணம் இருந்தது என்று காட்டுவது உங்களுக்கு மிகவும் கடினமாகிவிடும்.

ஒரே வேலைக்கு ஆள் எடுப்பதில் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் 5ஆவது பிரிவில் சொன்னது. 2024 ஜூனில், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலை ஒன்றில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று செய்தி வந்தபோது, மத்திய தொழிலாளர் அமைச்சகம் இந்தப் பிரிவைக் காட்டித்தான் தமிழ்நாடு தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு வந்துவிட்டது. அதன் 3ஆவது பிரிவிலும் இதே தடை இருக்கிறது. மாமனாரிடம் ஒன்று கேளுங்கள்: வேலை பெற்ற அந்த இளைஞரிடம் "கல்யாணம் ஆன பிறகும் வருவாயா?" என்று கேட்டாரா? தொழிலாளர் துறை அதிகாரியும் முதலில் அதைத்தான் கேட்பார்.

படிவக் கட்டங்களைப் பற்றி ஒரு வழக்கு சொல்கிறேன். எல்.ஐ.சி.யில் வேலைக்குச் சேரும் பெண்கள் நிரப்பும் உறுதிமொழிப் படிவத்தில், மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, கடைசியாக வந்த தேதி என்ன, எத்தனை முறை கருவுற்றார், கருச்சிதைவு உண்டா என்றெல்லாம் கட்டங்கள் இருந்தன. நீரா மாத்தூர் என்பவர் சேர்ந்த சில மாதங்களில் மகப்பேறு விடுப்பு எடுத்தார். படிவத்தில் தவறான தேதி எழுதினார் என்று வேலையை விட்டு நீக்கினார்கள். 1991இல் உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னது. அந்தக் கட்டங்களையே படிவத்திலிருந்து எடுக்கவும் சொன்னது. அது அரசு நிறுவனம்தான். இருந்தாலும், மானமுள்ள ஒரு பெண்ணிடம் வேலைக்காக எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதற்கு இன்றும் நான் காட்டுகிற தீர்ப்பு அதுதான்.

அடுத்தது அந்தத் தெரு. நம் ஊரில் பெரும்பாலும் பெயரோடு சாதி ஒட்டி வருவதில்லை. அதனால் சுற்றிவளைத்துக் கேட்கிறார்கள்: சொந்த ஊர் எது, எந்தத் தெரு, குலதெய்வம் எது, சைவமா அசைவமா. எதற்காகக் கேட்கிறார்கள் என்பது எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு உடனே தெரிந்துவிடும். வழக்கறிஞரான என்னிடம் வந்த, எம்.காம். படித்த கட்சிக்காரர் ஒருவர், தெருப் பெயரைக் கேட்டால் பக்கத்து பஸ் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லப் பழகிவிட்டதாக என்னிடம் சொன்னார். அதைக் கேட்ட அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. தீண்டாமையை மனத்தில் வைத்து ஒருவருக்கு வேலை மறுப்பது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், தீண்டாமைதான் காரணம் என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும் என்கிறது 12ஆவது பிரிவு. இல்லை என்று நிரூபிக்கும் சுமை உங்களுடையது. ஆகவே தெருக் கேள்வியை இன்றோடு நிறுத்துங்கள்.

மாமனாரின் உண்மையான கவலை வேறாக இருக்கலாம்: கல்யாணம், பிரசவம் என்றால் 26 வாரச் சம்பளத்தை யார் கொடுப்பது? 19,000 ரூபாய் சம்பளம் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தின் 21,000 ரூபாய் வரம்புக்குள் வருகிறது. சந்தா ஒழுங்காகக் கட்டியிருந்தால் அந்த மகப்பேறு உதவித் தொகையைக் கொடுப்பது ஈ.எஸ்.ஐ. கழகம். அதற்காக நீங்கள் மாதாமாதம் சம்பளத்தில் 3.25 சதவீதம் கட்டியும் வருகிறீர்கள்! பணம் கட்டிவிட்ட ஒரு செலவுக்குப் பயந்து நல்ல கணக்காளரை இழந்திருக்கிறீர்கள்.

கப்பலுக்குச் சரக்கு அனுப்பும் வாரத்தில் இரவு வரை இருக்க வேண்டும் என்பது கவலை என்றால், அதையே கேளுங்கள். "சரக்கு அனுப்பும் வாரத்தில் இரவு ஒன்பது மணி வரை வேலை இருக்கும், உங்களால் முடியுமா?" என்று வந்த எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்கலாம். இரவு ஏழு மணிக்கு மேல் பெண்கள் வேலை செய்ய அவர்கள் சம்மதம் வேண்டும். பாதுகாப்பும் வீடு திரும்ப வண்டியும் நீங்கள் செய்து தர வேண்டியவை.

படிவத்தில் சாதி, மதம், திருமணம், தந்தையின் தொழில் ஆகிய கட்டங்களை எடுத்துவிடுங்கள். பி.எஃப். வாரிசு நியமனத்துக்கும் ஈ.எஸ்.ஐ. பதிவுக்கும் குடும்ப விவரம் வேண்டும்தான். பணி நியமன ஆணை கொடுத்த பிறகு அதற்கென்று இருக்கும் படிவத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

மாற்றுத்திறனாளி வந்தால் குறையை விசாரிக்காமல், வேலை செய்ய என்ன வசதி தேவை என்று கேளுங்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி சம வாய்ப்புக் கொள்கையை எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டியது உங்கள் கடமை. வேலைக்கு நிபந்தனையாக எச்.ஐ.வி. பரிசோதனை கேட்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. திருநங்கை, திருநம்பியருக்கு வேலை மறுப்பதை 2019ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

அந்தப் பெண் புகார் கொடுக்கலாம். பாலினப் பாகுபாடு என்று தொழிலாளர் துறைக்குப் போகலாம். ஊதியச் சட்டத்தொகுப்பை மீறினால் 20,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. சாதி காரணம் என்றால் காவல் நிலையத்துக்கே போகலாம். அதற்குப் பயந்து பழைய படிவத்தையும் தேர்வுக் குறிப்புகளையும் கிழித்துவிடாதீர்கள், திருத்தவும் செய்யாதீர்கள், அப்படியே வைத்திருங்கள். புகார் வருகிறதோ இல்லையோ, அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கேட்ட கேள்விகள் தவறு, வருந்துகிறோம், படிவத்தை மாற்றிவிட்டோம் என்று நான்கு வரி போதும். அடுத்த இடம் காலியாகும்போது கூப்பிடும் எண்ணம் உண்மையாகவே இருந்தால் அதையும் எழுதுங்கள். கையெழுத்து மாமனாருடையதாக இருக்கட்டும்.