முதலில் அளந்து பாருங்கள்: பழைய ராணுவ ரைபிள் கேள்வி பதில்

பழைய ராணுவ ரைபிளை வாங்கிவிட்டு, சுடலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்பவர்கள் கேட்டவை இவை. உரிமம், சட்டம் பற்றிக் கேட்டவர்கள் தங்கள் ஊர் அதிகாரிகளிடம் போகவும். எனக்குத் தெரிந்தது இரும்பும் வெடிமருந்தும்தான்.

கேள்வி: முதல் ரைபிளாக எதை வாங்கலாம்?

இன்றும் புதிதாகத் தோட்டா தயாராகும் ரகம் எதையாவது வாங்குங்கள். .303 லீ-என்ஃபீல்ட் நல்லது. 6.5×55 தோட்டா போடும் ஸ்வீடிஷ் மவுசர் அதைவிட நல்லது. தோளை அதிகம் உதைக்காது. எதை வாங்கினாலும் முதல் குண்டுக்கு முன்னால் ஹெட்ஸ்பேஸை அளந்தாக வேண்டும். போல்ட் (தோட்டா அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் இரும்பு உருளை) மூடிய பிறகு தோட்டா முன்னும் பின்னும் அசைய எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை அந்த அளவு சொல்லிவிடும். இடம் கூடினால் பித்தளைக் கூடு இழுபட்டுக் கிழியும், கொதிக்கும் வாயு உங்கள் முகத்துக்கு வரும். அந்த இடத்தின் உச்ச வரம்புக்குச் செய்த போலித் தோட்டாதான் ‘ஃபீல்ட்’ கேஜ்; அதன் மேல் போல்ட் மூடிக்கொண்டால் அந்த ரைபிள் சுவருக்குத்தான்.

கேள்வி: 1888 ஜெர்மன் கமிஷன் ரைபிள் கிடைத்திருக்கிறது. ‘8 மி.மீ. மவுசர் தோட்டா எல்லாம் போகும்’ என்றார் விற்றவர். போடலாமா?

போடாதீர்கள். இன்றைக்கு வந்த கேள்விகளில் உருப்படியானது இது. அந்த ரைபிள் பிறந்தபோது அதன் குண்டின் விட்டம் சுமார் 8.08 மி.மீ. 1905இல் ஜெர்மானியர்கள் கூர்முனைக் குண்டுக்கு மாறினார்கள்; விட்டம் 8.20 மி.மீ. ஆனது, அழுத்தமும் ஏறியது. வித்தியாசம் ஒரு முடியளவுதான். ஆனால் குறுகிய குழலில் பெரிய குண்டை அழுத்தித் தள்ளும்போது, அந்த முடியளவு போல்ட்டின் மேல் போய் விழுகிறது.

பல ரைபிள்களைப் புதிய குண்டுக்கேற்ப மாற்றி ‘எஸ்’ முத்திரை குத்தினார்கள். அந்த முத்திரையை மட்டும் நம்பி இறங்காதீர்கள். நூறு ஆண்டுகளில் எத்தனை கை மாறியதோ, எத்தனை பட்டறை பார்த்ததோ! மென்மையான ஈயத்துண்டை எண்ணெய் தடவிக் குழலுக்குள் தட்டி மறுபுறம் எடுங்கள். அதில் எழும்பி நிற்கும் மேடுகளின் வெளிவிட்டத்தை மைக்ரோமீட்டரில் அளந்தால் குழல் தானே உண்மையைச் சொல்லும். அந்த எண் கைக்கு வரும்வரை தோட்டாப் பெட்டியைத் திறக்க வேண்டாம்.

கேள்வி: என் ரைபிளில் எல்லா உறுப்புகளிலும் ஒரே எண். இதையும் அளக்க வேண்டுமா?

ஒரே எண் விலையைக் கூட்டும், தேய்மானத்தைக் குறைக்காது. அளக்கவும்.

கேள்வி: மோசின்-நாகன்ட் போல்ட் நாலு குண்டுக்குப் பிறகு ஒட்டிக்கொள்கிறது. சுத்தியலால் தட்டித் திறக்கிறேன்.

சுத்தியலைக் கீழே வையுங்கள். கிடங்கில் பூசிய பழைய கிரீஸ் தோட்டா அறையில் இறுகிக் கிடக்கிறது, சூடேறியதும் பசையாகிறது. கரைப்பானும் அறைக்கான பிரஷும் போதும்.

கேள்வி: பழைய ராணுவத் தோட்டாவைச் சுட்ட பிறகு குழலை எப்படிச் சுத்தம் செய்வது?

தண்ணீர், முடிந்தால் வெந்நீர். பழைய பிரைமரில், அதாவது தோட்டாவின் அடியில் தீ மூட்டும் மூடியில், பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடாகிறது, கிட்டத்தட்ட சமையல் உப்பின் தம்பி. காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கும். உப்பு எண்ணெயில் கரையாது. கழுவி, துடைத்து, நன்றாக உலர்த்தி, பிறகுதான் எண்ணெய். அன்றே செய்ய வேண்டும்.

கேள்வி: தவறு ஐயா. அம்மோனியாதான் அந்த உப்பை முறிக்கும்.

முறிக்காது. அமிலமாக இருந்தால் காரம் முறிக்கும். இது நடுநிலையான உப்பு, முறிக்க என்ன இருக்கிறது? அம்மோனியா குழலில் படிந்த செம்பைக் கரைக்கும். அது வேறு வேலை.

கேள்வி: என் தாத்தா வாழ்நாள் முழுதும் அம்மோனியா கரைசலால்தான் துடைத்தார். ஒரு பொட்டுத் துரு இல்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கரைசல் என்றீர்களே, எதில் கரைத்தது? தண்ணீரில். உப்பை எடுத்துப் போனது அந்தத் தண்ணீர். பெயர் மட்டும் அம்மோனியாவுக்கு. தாத்தா செய்தது சரி, சொன்ன காரணம்தான் பிசகு. நானும் இளவயதில் வெறும் எண்ணெய் விட்டு ஒரு குழலை மூடி வைத்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது உள்ளே செம்மண் சாலை. இதே தாத்தா பற்றி இன்னும் மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்கும் இதுவே பதில்.

கேள்வி: முதல் உலகப்போர் கால ஜெர்மன் கெவேர் 98. நூறு மீட்டரில் குண்டு இலக்குக்கு மேலே போகிறது. முன்குறியை ராவலாமா?

ராவினால் இன்னும் மேலே போகும்! முன்குறி தாழ்ந்தால் குழல் முனை உயரும் அல்லவா? குற்றம் ரைபிளில் இல்லை. அதன் பின்குறியில் வைக்கக்கூடிய மிகக் குறைந்த தூரமே 400 மீட்டர். கீழே குறிவையுங்கள், அல்லது உயரமான முன்குறி மாட்டுங்கள்.

கேள்வி: மார்ட்டினி-ஹென்றியில் புகையில்லா மருந்து?

வேண்டாம். 1871இன் ரைபிள், கரிமருந்துக்குப் பிறந்தது.

கேள்வி: 1903 ஸ்பிரிங்ஃபீல்ட், ஆலையும் ஸ்பிரிங்ஃபீல்ட்தான், எண் ஆறு லட்சத்துச் சொச்சம். ஹெட்ஸ்பேஸ் அளந்துவிட்டேன், சரியாக இருக்கிறது. சுடலாமா?

அளந்ததற்கு நன்றி. ஆனாலும் சுடாதீர்கள். அந்த ஆலையில் 8,00,000க்குக் கீழான எண்கள் வந்த காலத்தில் தொழிலாளர்கள் இரும்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே சூட்டை மதிப்பிட்டார்கள். சிலவற்றில் சூடு மிஞ்சி உருக்கு நொறுங்கும் தன்மைக்குப் போய்விட்டது. கேஜ் அளவைச் சொல்லும், உருக்கின் குணத்தைச் சொல்லாது.

கேள்வி: டயரில் கட்டி, கயிற்றால் இழுத்து ஒரு குண்டு சுட்டுப் பார்த்தால் போதாதா?

ஒரு குண்டைத் தாங்கியது என்று தெரியும். இரண்டாவது குண்டின்போது டயர் இருக்குமிடத்தில் உங்கள் கன்னம் இருக்கும். அளக்கவும்.

கேள்வி: நீங்கள் சொன்னபடி லீ-என்ஃபீல்டை அளக்க எடுத்துப் போனேன். பட்டறைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். ஏன்?

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். போல்ட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.