மனைக்கு முன்னால் அங்கே என்ன இருந்தது? சேலத்தில் வீடு வாங்குவோருக்குக் கேள்வி பதில்

முப்பது வருடத்துக்கு மேல் சேலத்தில் வங்கிகளுக்காக வீடு, மனை மதிப்பீடு செய்தவன் நான். இப்போது ஓய்வு. வீடு பார்க்கிறவர்கள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேன். இத்தனை பேர் கேட்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கன்னங்குறிச்சி பக்கம் 1,200 சதுர அடி மனை பார்த்திருக்கிறோம், சார். மூக்கனேரிக்குப் பக்கம். ஏரி தெரியும், போர்வெல்லில் எப்போதும் தண்ணீர் இருக்கும் என்கிறார் புரோக்கர். பட்டா, வில்லங்கம் எல்லாம் சுத்தம். முன்பணம் கொடுக்கலாமா?

கொஞ்சம் பொறுங்கள். ஏரிக்குப் பக்கத்தில் இருப்பது வேறு, ஏரிக்குப் போகும் தண்ணீரின் வழியில் இருப்பது வேறு.

2010 வாக்கில் ஊர்க்காரர்கள் சேர்ந்து மூக்கனேரியைத் தூர் வாரி, நடுவில் மண் திட்டுகள் அமைத்து மரம் வைத்தார்கள். பறவைகள் வந்தன. பறவைகளுக்குப் பின்னாலேயே புரோக்கர்களும் வந்தார்கள். அந்தப் பக்கம் முழுக்கச் சேர்வராயன் மலை அடிவாரம். மலையில் பெய்கிற மழை ஓடை ஓடையாக இறங்கி ஏரிகளில் நிறைந்து, மிச்சம் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்கோ திருமணிமுத்தாற்றுக்கோ போக வேண்டும். அந்த ஓடைகளில் பல இன்று ஒன்பது மாதம் காய்ந்து, குப்பை கொட்டும் சந்து போலக் கிடக்கின்றன.

அதனால் உங்கள் மனையின் பட்டாவோடு நிறுத்தாதீர்கள். சுற்றியுள்ள நான்கைந்து சர்வே எண்களுக்கும் புல வரைபடம், அதாவது அளவைப் படம், எடுங்கள். கிராமத்து நிலக் கணக்கான அ பதிவேட்டில் அவை எந்த வகைப்பாட்டில் இருக்கின்றன என்று பாருங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால் என்று புறம்போக்கு ஏதாவது ஒட்டியிருந்தால் கிராம வரைபடத்தையும் வாங்கி, அந்தக் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். கோடு உங்கள் மனைக்கு முன்னால் நின்று, மனைக்குப் பின்னால் மறுபடி தொடங்கினால் கிளம்பி வந்துவிடுங்கள்.

இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், நானே ஏமாந்தவன். 1996ல் எனக்கென்று ஒரு மனை வாங்கினேன். பட்டா சுத்தம், வில்லங்கம் சுத்தம். பக்கத்துப் புல எண்ணில் ஓடை இருந்ததைக் காகிதத்தில் பார்த்தேன். நேரில் போனால் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. செத்த ஓடை என்று விட்டுவிட்டேன். வீடு கட்டிக் குடிபோன மூன்றாவது ஐப்பசியில், இரவு இரண்டு மணிக்குக் கட்டில் கால் வரை தண்ணீர். "ஊருக்கெல்லாம் மதிப்புப் போடறீங்களே" என்று என் வீட்டில் அன்றைக்கு ஆரம்பித்தது இன்னும் ஓயவில்லை.

ஒரு நல்ல மழைக்கு மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். பக்கத்து வீடுகளின் காம்பவுண்டுச் சுவரில் கறைக்கோடு எந்த உயரத்தில் இருக்கிறது, வாசற்படிகளை எத்தனை படி ஏற்றிக் கட்டியிருக்கிறார்கள், எல்லாம் தெரியும். புரோக்கரை அன்றைக்குக் கூப்பிட வேண்டாம்.

அம்மாபேட்டையில் பழைய தறி வீடு ஒன்று விலைக்கு வருகிறது, ஐயா. விற்பது மூன்று அண்ணன் தம்பிகள், அவர்கள் தாத்தா காலத்துச் சொத்து. இரண்டு அக்காக்கள் இருக்கிறார்கள். "சீர் எல்லாம் செய்துவிட்டோம், அவங்க கையெழுத்து எதுக்கு" என்கிறார்கள்.

சீர் சீர்தான், பாகம் ஆகாது. பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989லேயே சட்டம் வந்தது. அதற்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்கு இல்லை என்று அப்போது ஒரு விதிவிலக்கு இருந்தது. அதைத்தான் இன்னும் பலர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். 2005ல் மத்திய சட்டம் திருத்தப்பட்டு, 2020ல் உச்ச நீதிமன்றமும், மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை உண்டு, அந்தத் திருத்தம் வந்தபோது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை என்று சொல்லிவிட்டது. சரி, பூர்வீகம் இல்லை, அப்பாவின் சுயசம்பாத்தியம் என்றே வைத்துக்கொள்வோம். அவர் உயில் எழுதாமல் போயிருந்தால் 1956 சட்டப்படியே மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு.

எனவே அக்காக்கள் இருவரும் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிந்து கொடுக்கட்டும், அல்லது கிரயப் பத்திரத்தில் அவர்களும் சேர்ந்து கையெழுத்துப் போடட்டும். வாரிசுச் சான்றிதழில் உள்ள ஒவ்வொரு பெயரையும் பத்திரத்தோடு ஒத்துப் பாருங்கள். வாரிசு பாக்கி வில்லங்கச் சான்றில் வராது, பதியாத உயிலும் வராது. பதிவானது மட்டும்தான் அதில் இருக்கும்.

அப்புறம் ஒன்று, இதை வக்கீல் சொல்லமாட்டார். தறி வீடு என்றால் தறிக்குழி இருந்திருக்கும். நெசவை நிறுத்தியபோது குழியில் கட்டிட இடிபாட்டைக் கொட்டி, மேலே சிமென்ட் பூசியிருப்பார்கள். நீங்கள் ஆசையாக டைல்ஸ் போட்டு இரண்டு மழைக்காலம் போனால் அந்த இடம் மட்டும் உள்ளே இறங்கும். தரையைத் தட்டிப் பாருங்கள். ஓசை மாறும் இடத்தைத் தோண்டிக் கெட்டித்துத்தான் தளம் போட வேண்டும். இரு பக்கமும் பொதுச்சுவரா என்பதையும் பத்திரத்தில் பாருங்கள். பொதுச்சுவர் என்றால் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்காமல் இடித்துக் கட்ட முடியாது.

தாதகாப்பட்டியில் வீடு பிடித்திருக்கிறது. பின் தெருவில் விசைத்தறி ஓடுகிறது. பழகிவிடுமா?

சிலருக்குப் பழகும், சிலருக்குப் பழகவே பழகாது. வேலை நாளில் இரவு 11 மணிக்கு அந்த வீட்டுப் படுக்கையறையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். சத்தத்தை ஜன்னல் அடைத்துக் குறைக்கலாம், அதிர்வை ஒன்றும் செய்ய முடியாது. சுவரில் கை வைத்தால் தெரியும். வாங்கிக் குடிவந்த பிறகு, நாற்பது வருடமாக ஓடுகிற தறியை நிறுத்தச் சொல்லி மனுப் போடுவது எனக்குப் பிடிக்காத விஷயம். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறைக்குப் பக்கத்தில் வீடு கேட்டிருந்தவருக்கும் இதேதான், கூடுதலாக அமில வாடையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து ரோடு அருகே மேம்பாலத்தைப் பார்த்த மாதிரி இரண்டாவது மாடி பிளாட். 18 வருடப் பழசு. விலை மலிவு.

குரங்குச்சாவடியிலிருந்து அண்ணா பூங்கா வரை போகும் அந்த ஈரடுக்குப் பாலம் 2020ல் திறந்தது. கீழே நெரிசல் குறைந்தது உண்மை. ஆனால் பாலத்தை ஒட்டிய இரண்டாவது மாடி என்றால், பஸ்ஸில் போகிறவர் உங்கள் வீட்டு டி.வி.யில் என்ன ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டே போகலாம். மலிவு அதற்குத்தான்.

18 வருடப் பிளாட்டில் கட்டிடத்தின் மதிப்பு தேய்ந்துகொண்டே வரும்; மிஞ்சுவது உங்கள் பெயரில் பிரிபடாத பாகமாக எழுதப்படும் நிலம்தான். அது எத்தனை சதுர அடி என்று கேளுங்கள். கார் நிறுத்துமிடம் பத்திரத்தில் இருக்கிறதா, வாய்ப்பேச்சா என்றும் கேளுங்கள். 2022ல் இயற்றி 2024ல் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். அந்த நாள் வந்தால் உங்கள் கையில் இருக்கப்போவது அந்த நிலக் கணக்கு மட்டும்தான்.

வீடு 50 லட்சம் என்றால் கையில் எவ்வளவு வேண்டும், அண்ணா?

முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 4.5 லட்சம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கி மதிப்பில் 80 சதவீதம்தான் தரலாம், அதாவது 40 லட்சம். மீதி 10, பதிவுச் செலவு 4.5 சேர்த்து 14.5 லட்சம் உங்கள் பணம். பால் காய்ச்சுவதற்கு முன்பே வயரிங், பெயின்ட் என்று இரண்டு லட்சம் போகும். 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் 1 சதவீதம் பிடித்து வருமான வரிக்குக் கட்டுவது வாங்குகிறவர் பொறுப்பு. விற்பவருக்கு முழுப்பணத்தையும் கொடுத்துவிட்டுப் பிறகு அலைந்தவர்கள் உண்டு. பாதி ரொக்கமாகக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஓமலூர் பக்கம் அப்ரூவல் இல்லாத மனை, உரிமையாளர் தனக்குப் பதிலாக விற்க அதிகாரம் (பவர்) எழுதிக் கொடுத்த ஏஜென்ட் மூலம் தருகிறார்கள்.

20.10.2016க்கு முன் தனி மனையாகப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பதிவே நடக்காது. பவர் எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதை நேரில் போய்ப் பாருங்கள். அவர் இறந்தால் பவரும் முடிந்தது.

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தைப் பிரித்து 20 சென்ட், 20 சென்ட்டாக விற்கிறார்கள். வார இறுதிக்கு ஒரு சின்ன வீடு கட்ட ஆசை.

ஆசை எனக்கும் இருந்தது. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறியதும் வரும் குளிரில் யாருக்குத்தான் வராது? 1820களில் கலெக்டர் காக்பர்னே அந்தக் குளிரில் விழுந்து காப்பி நட்டவர்தான்.

ஆனால் ஏற்காடு மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகளுக்குள் வருகிறது. பாதை போட்டு மனையாகப் பிரிக்க, சரிவை வெட்ட, மரம் எடுக்க, எல்லாவற்றுக்கும் கீழே சேலத்தில் இருப்பதைவிடக் கூடுதல் அனுமதி வேண்டும். தோட்டமாகப் பத்திரம் பதிவாகிவிட்டது என்பதால் வீடு கட்ட அனுமதி கிடைக்கும் என்று அர்த்தமில்லை. மலையாளிப் பழங்குடி மக்களுக்கு அரசு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலமும் அங்கே உண்டு. அதை வாங்கினால் உங்கள் பணமும் போகும், அவர்கள் நிலமும் போகும். முதலில் அங்கே வாடகைக்கு இருந்து பாருங்கள், மே மாதக் கோடை விழாவில் அல்ல. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் மார்ச்சிலும், துணி காயாத நவம்பரிலும்.

ஃபேர்லேண்ட்ஸில் 1978ல் கட்டிய வீடு. எனக்கு 74 வயது. இரு பக்கமும் ஆஸ்பத்திரி வந்துவிட்டது, எதிரே ஸ்கேன் சென்டர். வாசலில் எந்நேரமும் யாரோ பைக் நிறுத்துகிறார்கள். பில்டர் ஒருவர் கூட்டாகக் கட்டலாம், நிலம் என்னுடையது, கட்டுவது அவர், பிறகு பங்கு பிரித்துக்கொள்ளலாம் என்கிறார்.

அண்ணா, உங்களுக்கு அவசரம் இல்லை, பில்டருக்குத்தான் அவசரம். அதை மனதில் வைத்துப் பேசுங்கள். மூலப் பத்திரத்தைக் கையில் கொடுக்காதீர்கள். மொத்த நிலத்துக்கும் பவர் கேட்பார். அவருடைய பாகத்துக்கு மட்டும், வேலை முடிய முடியப் படிப்படியாகக் கொடுங்கள். கட்டி முடிக்கும் வரை உங்கள் வீட்டு வாடகை அவர் பொறுப்பு, தாமதமானால் மாதம் எவ்வளவு என்பது ஒப்பந்தத்தில் இருக்கட்டும், ஒப்பந்தமும் பதிவாகட்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன். அந்தத் தெருவில் நீங்கள் மாலையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்? யாரும் இல்லையென்றால் நல்ல விலைக்குக் கொடுத்துவிட்டு மகளோ மகனோ இருக்கும் பக்கம் போவதில் தப்பில்லை. மூன்று நான்கு பேர் இருந்தால், முதலில் அவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்று கேளுங்கள்.

கடைசியாக ஒன்று, சார். தண்ணீர் புகுந்த அந்த வீட்டை என்ன விலைக்கு விற்றீர்கள்?

விற்கவில்லை, அதில்தான் இருக்கிறேன். தரைத்தளத்தை இரண்டரை அடி உயர்த்தினேன். அதற்கப்புறம் ரோட்டை இரண்டு முறை மேலே மேலே போட்டுவிட்டார்கள். இப்போது மிச்சம் முக்கால் அடிதான் இருக்கிறது.