கடைக் கம்ப்யூட்டருக்கு எந்த லினக்ஸ்?

கேள்வி: திருமங்கலத்தில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். 6ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம். விண்டோஸ் 10க்கு அப்டேட் நின்றுவிட்டது, 11 ஏறாது. லினக்ஸ் போடலாம் என்றால், மதுரையில் சர்வீஸ் செய்பவர் "டெபியன், மின்ட் எல்லாம் பழைய வெர்ஷன், ஆர்ச் அல்லது ஃபெடோரா போடுங்க" என்கிறார். எதைப் போடுவது?

பதில்: இவை நான்கும் லினக்ஸின் வகைகள்தான். உங்கள் கடைக்கு லினக்ஸ் மின்ட் 22 அல்லது டெபியன் 13 போடுங்கள். ஆர்ச் வேண்டாம்.

வெர்ஷன் எண் பழசாக இருப்பதால் பாதுகாப்பு இல்லை என்று நினைக்க வேண்டாம். டெபியன், மின்ட் போன்ற நிலையான பதிப்பில் மென்பொருளின் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மட்டும் உள்ளே சேர்க்கிறார்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13க்கு 2028 வரை முழு ஆதரவும், அதன்பின் 2030 வரை நீண்டகால ஆதரவும் உண்டு. மின்ட் 22க்கு 2029 வரை. ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு விடுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஆதரவு சுமார் 13 மாதம்தான். ஆகவே வருடத்துக்கு ஒரு முறையாவது முழு சிஸ்டத்தையும் மேலேற்றியாக வேண்டும். ஆர்ச்சில் பதிப்பே கிடையாது, புதுசு வந்துகொண்டே இருக்கும். அப்டேட்டுக்கு முன் அறிவிப்பைப் படிக்க வேண்டும், பாதி மட்டும் ஏற்றினால் உடையும். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் சான்றிதழ் நகலுக்கு வரிசை நிற்கும்போது கருப்புத் திரை வந்தால் அன்றைய வரும்படி போச்சு.

உங்களுக்கு உண்மையான சோதனை பிரிண்டர்தான். பல ஜெராக்ஸ் கடைகளில் இருக்கும் கேனான் எல்பிபி 2900 லினக்ஸில் தானாக ஓடாது. அதற்குத் தனி டிரைவர் ஏற்ற வேண்டும், அதுவும் பழைய 32 பிட் லைப்ரரிகளை (புரோகிராம்கள் பகிர்ந்து பயன்படுத்தும் துணைக் கோப்புகளை) கேட்கும். அடிக்கடி மாறும் சிஸ்டத்தில் இப்படிப்பட்ட டிரைவர்தான் முதலில் அறுந்துபோகும். பேஜ்மேக்கர், கோரல்டிரா இரண்டுக்கும் இப்போது லினக்ஸ் பதிப்பு இல்லை. அந்த வேலை நிறைய வந்தால் இந்த மாற்றமே உங்களுக்கு ஒத்துவராது.

அதனால் நிறுவும் முன் 8 ஜிபி பென்டிரைவில் லைவாக, அதாவது டிஸ்க்கில் நிறுவாமலே, ஏற்றிப் பாருங்கள். பிரிண்ட், ஸ்கேன், தமிழ்99 தட்டச்சு (ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சு மென்பொருளைச் சேர்க்க வேண்டும்), வாடிக்கையாளர் கொண்டுவரும் பாமினி எழுத்துருக் கோப்பு ஆகிய நான்கையும் பாருங்கள். நிறுவும்போது சிஸ்டத்துக்கு 50 ஜிபி ஒதுக்கி, உங்கள் கோப்புகள் இருக்கும் ஹோம் பகுதியைத் தனியாகப் பிரியுங்கள். சிஸ்டத்தைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் டைம்ஷிஃப்ட்டை இயக்குங்கள், ஆனால் அது வழக்கமாக உங்கள் கோப்புகளைச் சேமிக்காது, சிஸ்டத்தை மட்டும்தான். கோப்புகளுக்கு வேறு டிஸ்க்கில் தனி நகல் கட்டாயம்.

ஏதோ ஒரு புரோகிராம் மட்டும் புதுசாக வேண்டுமா? அதை மட்டும் ஃபிளாட்பேக்கில் எடுங்கள், அது சிஸ்டத்தைத் தொடாமல் தனியாக நிறுவும் முறை. டெபியன் நிலையான பதிப்பில் டெஸ்டிங் மூலத்தை (அடுத்த பதிப்புக்காகச் சோதனையில் இருக்கும் மென்பொருள் தொகுப்பை) சேர்க்கவே கூடாது. ஒரு புரோகிராமுக்காக எல்லாப் புரோகிராமும் நம்பியிருக்கும் அடிப்படை சி லைப்ரரி மாறும், அதைப் பிடித்துக்கொண்டு மற்றவையும் மாறும், பின்னால் திருப்புவது பெரும்பாடு.

கேள்வி: என் மகளுக்குப் புது லேப்டாப். டெபியன் 12 போட்டோம், வைஃபையே தெரியவில்லை. நிலையானது என்றால் இப்படித்தானா? (மேலூர்)

பதில்: இங்கே புதுசுதான் சரி. டெபியன் 12இன் கெர்னல் (வன்பொருளை இயக்கும் மையப் பகுதி) 6.1, அதன்பின் வந்த பல வைஃபை சிப்புகள் அதற்குத் தெரியாது. போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் மூலம் நெட் எடுத்து, நிலையான பதிப்புக்கென்றே புது மென்பொருளைத் தரும் பேக்போர்ட்ஸிலிருந்து புது கெர்னலும் அந்தச் சிப்புக்கான ஃபர்ம்வேரும் (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) ஏற்றுங்கள். கல்லூரி வேலை இன்னும் தொடங்கவில்லை என்றால் கெர்னல் 6.12 உள்ள டெபியன் 13ஐயே புதிதாகப் போட்டுவிடலாம். அதிலும் தெரியாவிட்டால் ஃபெடோரா லைவில் ஒரு முறை பாருங்கள். இன்னும் புதிய கெர்னல் அதில் இருக்கும்.