துர்துக் போகலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் லடாக் குறிப்புகளைப் படித்துவிட்டு, செப்டம்பரில் மனைவி, மகளுடன் பாகிஸ்தான் எல்லையோரக் கிராமமான துர்துக் போகலாம் என்றிருக்கிறேன். 2025இல் நடந்த சண்டைக்குப் பிறகு எல்லைப் பக்கம் என்ன வேலை என்று மாமனார் தடுக்கிறார். உங்கள் கருத்து?

க., திருச்சி

அன்புள்ள க.,

மாமனார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2025 மே மாதம் லடாக்கின் லே உட்பட 32 விமான நிலையங்களை மூடினார்கள். நிலைமை மோசமானால் போகாதீர்கள். அமைதியாக இருந்தால், திரும்பும் டிக்கெட்டுக்கு முன்னால் இரண்டு நாள் சும்மா விட்டு வையுங்கள். வழியில் ராணுவத்தினர் ‘திரும்புங்கள்’ என்றால் காரணம் கேட்காமல் வண்டியைத் திருப்பிவிடுங்கள். நம் ஊர் ப்ரீபெய்டு சிம் அங்கே எடுக்காது, போஸ்ட்பெய்டு வேண்டும்.

என்னைப் படுத்தியது எல்லை அல்ல, மூச்சு. லே 11,500 அடி உயரம். இறங்கிய அன்றே மாடிப்படி ஏறி இறங்கி வீரம் காட்டினேன், மறுநாள் முழுக்கத் தலைவலியில் படுத்துக் கிடந்தேன். இரண்டு நாள் ஓய்வெடுத்துவிட்டு வழியிலுள்ள கர்துங் லா கணவாய் ஏறுங்கள். துர்துக் லேயைவிடத் தாழ்வு, அங்கே மூச்சு தானாகச் சீராகிவிடும்.

சரி, ஊருக்கு வருவோம். 1971 டிசம்பர் போர் வரை துர்துக் பாகிஸ்தான் வசம் இருந்தது. பால்டி மொழி பேசும் ஊர். அந்தச் சமயத்தில் வேலைக்கோ படிப்புக்கோ பாகிஸ்தான் வசமுள்ள ஸ்கர்து பக்கம் போயிருந்தவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அப்பா இங்கே, மகன் அங்கே. ஊரை ஒட்டி ஓடும் ஷியோக் நதி மட்டும் கேட்பாரில்லாமல் அந்தப் பக்கம் போய் சிந்துவில் கலக்கிறது. சுற்றுலாப் பயணிகளை 2010இல்தான் விட்டார்கள்.

பக்கத்து ஊரான தாங்கில் பைனாகுலர் வைத்து எல்லையைக் காட்டுகிறார்கள். நான் போனபோது ஒருவர், அங்கே உட்கார்ந்திருந்த பெரியவரிடம், ‘நீங்க மனசுல எந்தப் பக்கம்?’ என்று கேட்டுவிட்டார். எனக்குக் கூசிப் போயிற்று. பெரியவர் சிரித்துக்கொண்டே, ‘டீ குடிக்கிறீர்களா?’ என்றார். தயவுசெய்து அந்தக் கேள்வியை மட்டும் கேட்காதீர்கள். மகளிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

செப்டம்பரில் மரத்தில் ஆப்ரிகாட் அநேகமாக இருக்காது, உலர்ந்தது கிடைக்கும். ஓர் இரவாவது தங்குங்கள். பகலில் வந்து, பைனாகுலரில் பார்த்துவிட்டு, மாலைக்குள் வழியிலுள்ள ஹுண்டர் கிராமத்துக்குத் திரும்பும் கார்கள்தான் அங்கே அதிகம்.