எட்டு வயதில் பல்லுக்குக் கம்பி தேவையா?

கேள்வி: என் எட்டு வயது மகளின் மேல் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது. இப்போதே கம்பி கட்டிவிடலாமா?

பதில்: அவசரம் வேண்டாம். இந்த வயதில் மேல் முன்பற்கள் விசிறிபோல் விரிந்து நிற்பது பெரும்பாலும் இயல்பே. 11, 12 வயதில் கோரைப்பற்கள் இறங்கும்போது அவை முன்பற்களை நெருக்கித் தள்ளுவதால், சிறிய இடைவெளி தானாகவே மூடிக்கொள்வதுண்டு. ஆனால், வாயை மூடும்போது மேல் முன்பல் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் போய் அமர்ந்தால் காத்திருக்கக் கூடாது. பல் தேய்வதோடு, கீழ்ப்பல்லின் ஈறும் இறங்கக்கூடும் என்பதால், கழற்றி மாட்டும் கிளிப் போன்ற எளிய சிகிச்சையை இப்போதே தொடங்குவது நல்லது. விரல் சூப்பும் பழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்த வேண்டும். ஏழு வயதுக்குள் பற்சீரமைப்பு மருத்துவரிடம் ஒருமுறை காட்டும்படி அமெரிக்கப் பற்சீரமைப்பு மருத்துவர்கள் சங்கம் பரிந்துரைக்கிறது. காட்டச் சொல்கிறதே தவிர, உடனே கம்பி கட்டச் சொல்லவில்லை.